எல்லையோரச் சிறு விவசாயிகளைக் குழுவாகத் திரட்டி உற்பத்தியாளர் நிறுவனமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களிலும், எல்லைக்கு அப்பால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பகுதிகளிலும் உள்ள தமிழ் பேசும் சிறு, குறு விவசாயிகளைத் திரட்டி, அவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து வாங்கி விற்கும் உற்பத்தியாளர் நிறுவனமாக்க முனைவோருக்காக இது எழுதப்படுகிறது. தென்னையும் காய்கறியும் பயிரிடுவோரை மனத்தில் வைத்தே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

புதிதாக இந்தப் பணிக்கு வருவோர் முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்கிறார்கள், அடுத்து உறுப்பினர்களைத் தேடுகிறார்கள், அதன் பிறகே என்ன வணிகம் செய்வது என்று யோசிக்கிறார்கள். பதிவு செய்த நாள் முதல் தணிக்கைக் கட்டணமும் ஆண்டறிக்கைச் செலவும் ஓடத் தொடங்கிவிடுவதால், வணிகம் பிறக்கும் முன்னரே கைப்பணம் கரைந்துவிடுகிறது. ஆகவே முதலில் சிறிய அளவில் சேர்ந்து வாங்கி விற்றுப் பழகுவது, அதில் நிலைத்தவர்களைக் குழுவாக்குவது, பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்ற வரிசையிலேயே கீழ்க்காணும் படிகள் அமைந்துள்ளன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணக்கு எழுதத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர், முத்திரையிடப்பட்ட மின்னணுத் தராசு ஒன்று, ஊர் வாரியாக விவசாயிகளின் பட்டியல் ஒன்று ஆகிய மூன்றும் இல்லாமல் முதல் கூட்டத்தைக் கூட்ட வேண்டாம். கணக்கர் வெளியூர்க்காரராக இருந்தால், அவர் வராத நாளில் எழுதப்படாத வரவே பிற்பாடு சண்டையாக முளைக்கும்.

பட்டியலில் பெயரும் பரப்பும் மட்டும் போதாது. நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபாலபுரத்தில் குடியிருந்துகொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும், மீனாட்சிபுரத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் குத்தகைக்கு ஓட்டுபவர்களும் உண்டு. மாநில அரசின் உதவிகள் நிலம் இருக்கும் இடத்தைப் பார்த்தே கிடைக்கும் என்பதால், பின்னால் தேட முடியாத இந்த விவரத்தை முதலிலேயே பதிந்துவிட வேண்டும்.

ஆவணங்களும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். கேரளத்தில் கரம் எனப்படும் நிலவரி கட்டிய ரசீதும், வில்லேஜ் ஆபீஸ் தரும் கைவசச் சான்றும் வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது 2.5 ஏக்கருக்கு உட்பட்டு வைத்திருப்பவர் குறு விவசாயி. அதற்கு மேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. கூட்டுப் பட்டாவில் பெயர் சேராத அண்ணன் தம்பிகள் இங்கே ஏராளம். அவர்களை அப்போதே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

2. ஒரு பயிர், ஒரு வண்டித்தடம்

எல்லாப் பயிரையும் ஒரே குழுவுக்குள் அடைக்க வேண்டாம். தென்னைக்காரருக்கு வெட்டு ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வரும். தக்காளிக்காரருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பு இருக்கும். ஒருவருக்கு அவசரமானது மற்றவருக்கு அவசரமாகத் தோன்றாது, கூட்டமும் பேச்சும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஊர் எல்லையைவிட வண்டித்தடமே குழுவின் எல்லையை நன்றாகத் தீர்மானிக்கும். காலையில் ஒரே சரக்கு வண்டி ஏற்றிக்கொண்டு சந்தை திறக்கும் முன் சேரக்கூடிய தோட்டங்கள் எவையோ அவையே ஒரு குழு. ஏற்றும் இடங்கள் கூடக்கூடக் கடைசித் தோட்டத்துக்காரர் காத்திருந்து அலுத்து, தனியாக டூவீலரில் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்.

தண்ணீரையும் பாருங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிந்து முறைவைத்து நீர் பெறுகிறது. அப்பக்கத்துச் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் மணக்கடவில் அளந்து விடப்படுகிறது. நடவுக் காலம் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பதால், ஒரே நாற்றுக்கும் ஒரே உரத்துக்கும் சேர்ந்து முன்பதிவு செய்ய வேண்டிய குழு ஒரே நீர்முறைக்குள் இருப்பது நல்லது. இரு பக்கமும் வெவ்வேறு மாதத்தில் காய் வருவது, பின்னாளில் நிறுவனமாகும்போது ஆண்டு முழுக்கச் சரக்குத் தர உதவும். அந்தச் சேர்க்கையைத் தொடக்கத்திலேயே முயல வேண்டியதில்லை.

3. யார் எந்த மண்டிக்குக் கட்டுப்பட்டவர் என்று அறிதல்

பல முயற்சிகள் இந்தப் படியைச் செய்யாமல் விட்டதால்தான் சரிந்தன. கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்குவார்கள், விற்பனை நாளன்று பாதிப் பேர் பெட்டி கொண்டுவர மாட்டார்கள். மண்டியில் வாங்கிய முன்பணம் நிலுவையில் இருப்பதுதான் காரணம், ஆனால் அதை யாரும் பத்துப் பேர் நடுவில் சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொருவரையும் தோட்டத்திலேயே தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். கடன் எவ்வளவு என்று கேட்காமல், "உங்க காய் எந்த மண்டிக்குப் போகுதுங்க, வேற மண்டிக்குக் கொண்டுபோக முடியுங்களா?" என்று கேட்டாலே விவரம் வந்துவிடும். வந்ததைக் குழுப் பதிவேட்டில் எழுத வேண்டாம், உங்கள் தனிக் குறிப்பேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டிக்காரரை எதிரியாகச் சித்திரிக்கும் பேச்சு கைதட்டல் வாங்கித் தரும், வேலைக்கு உதவாது. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் பணம் வேண்டும் என்றால் காகிதம் கேட்காமல் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். உங்கள் குழுவால் அதைச் செய்ய முடியாதவரை அவரது இடம் அப்படியே இருக்கும்.

நடைமுறையில் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். நிலுவை இல்லாதவர்கள் விற்பனையிலும் கொள்முதலிலும் உடனே சேரலாம். நிலுவை குறைவாக உள்ளவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை மண்டிக்கும் ஒரு பங்கைக் குழுவுக்கும் தரலாம், ஆனால் அதை மண்டிக்காரரிடம் அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். முழுதும் கட்டுப்பட்டவர்கள் முதல் ஆண்டில் கூட்டுக் கொள்முதலில் மட்டும் சேரட்டும்.

குழுவே அந்தக் கடனை அடைத்து மீட்கும் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாற்றுக் கடன் வங்கியிலிருந்தோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலிருந்தோ வர வேண்டும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டி இல்லை. வங்கிகளில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் தெளிவாக விளக்கி, விண்ணப்பம் எழுத உதவினாலே ஓர் ஆண்டுக்குள் சிலர் விடுபடுவார்கள்.

4. இருபது பேர் கொண்ட குழு அமைத்தல்

தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 20 பேரை ஓர் உழவர் ஆர்வலர் குழுவாகவும், அத்தகைய ஐந்து குழுக்களை 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாகவும் சேர்த்தது. அரசு உதவி எதிர்பார்க்காவிட்டாலும் இந்த அளவு பொருத்தமானது. இருபது பேர் என்றால் ஒருவர் வராதது மற்றவர் கண்ணுக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டினால் யார் வரவில்லை என்பதே தெரியாது.

கேரளப் பக்கத்தில் காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலின் குழுக்களில் உற்பத்தி, சந்தை, கடன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னோடி விவசாயி பொறுப்பேற்கிறார். இந்த ஏற்பாட்டை எங்கு வேண்டுமானாலும் எடுத்தாளலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி கொடுப்பதைவிட வேலையைப் பிரித்துக் கொடுத்தால் பொறுப்பு நிற்கும்.

கூட்டம் பால் கறக்கும் நேரத்தில் இருக்கக் கூடாது. சித்தூர்ப் பகுதியில் வீட்டுக்கு ஒரு மாடாவது உண்டு, காலையும் மாலையும் பால் சங்கத்துக்கு ஊற்றியாக வேண்டும். மாலைப் பால் ஊற்றி முடிந்த பிறகு அதே சங்கக் கட்டடத்தின் திண்ணையில் கூடினால் தனியாக அழைக்க வேண்டிய வேலையும் மிச்சம். பெரிய தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் கூட்டினால் அவருக்கு எதிர்ப்பேச்சு எழாது. காலனிப் பகுதியிலிருந்து வர வேண்டிய குத்தகைதாரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

குத்தகைதாரர்களையும் பெண்களையும் நிலப்பத்திரம் இல்லை என்று விலக்குவது பரவலான தவறு. உற்பத்தியாளர் நிறுவனச் சட்டம் விளைபொருள் சார்ந்த தொழிலில் ஈடுபடுவோரையே உற்பத்தியாளர் என்கிறது, நிலவுடைமையைக் கேட்கவில்லை. தோட்டத்தில் பறிப்பும் தரம் பிரிப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் நடக்கிறது, ஆகவே தரம் பற்றிய முடிவை அவர்கள் இல்லாமல் எடுத்தால் அது தோட்டத்தில் செல்லுபடியாகாது.

5. பதிவேடுகள்

கூட்ட நடவடிக்கை, ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பேரேடு ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் கட்டாயமாக இருக்கட்டும்.

கேரளப் பக்கத்தில் படித்தவர்களில் சிலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து மலையாளம்தான். கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது பொருந்தும்.

6. முதல் கூட்டுக் கொள்முதல்

விற்பனைக்கு முன் கொள்முதல் வர வேண்டும். வாங்குவதில் இழப்பு வந்தால் சிறிதாகவே இருக்கும், பலன் அன்றே கண்ணில் தெரியும். குழித்தட்டு நாற்று, வேப்பம் புண்ணாக்கு, பிளாஸ்டிக் பெட்டி, பந்தல் கம்பி போன்றவற்றில் தொடங்குங்கள்.

ரசாயன உரத்திலும் பூச்சிமருந்திலும் கை வைக்காதீர்கள். அவற்றை விற்க உரிமம் வேண்டும், அந்த உரிமத்துக்குக் கல்வித் தகுதியும் வேண்டும். ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட மானிய உரத்தை மறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லத் தடை உள்ளதால், ஒரு பக்கம் மொத்தமாக வாங்கி மறு பக்கத்து உறுப்பினருக்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் சோதனைச் சாவடியில் முடியும்.

பணம் வாங்காமல் சரக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். பாதித் தொகையை முன்னதாகவும் மீதியைப் பொருள் இறங்கும் நாளிலும் வாங்குங்கள். கடனுக்குக் கொடுத்தால் அந்தப் பொருளின் விலையில் மிஞ்சிய சில ரூபாயைவிட வசூலுக்கு அலையும் பெட்ரோல் செலவு கூடுதலாகிவிடும். எத்தனை பேர் முன்பணம் கட்டுகிறார்கள் என்பதே குழு நிலைக்குமா என்பதற்கான முதல் சோதனை.

7. முதல் கூட்டு விற்பனை

முதல் பருவத்தில் கூடுதல் விலை கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். குழுவாகக் கொண்டுபோவதாலேயே சந்தை விலை ஏறாது. மிச்சமாவது செலவில்தான், அதையும் கணக்குப் போட்டே காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 15 கிலோ தக்காளிப் பெட்டி 300 ரூபாய்க்குப் போகிறது என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்து கமிஷன் 30, தனி வண்டி வாடகை பெட்டிக்கு 20, இறக்குக்கூலி 5 போக, கைக்கு 245 ரூபாய் வரும். ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றி வாடகை 12 ஆகக் குறைந்தால் பெட்டிக்கு 8 ரூபாய் மிச்சம், 150 பெட்டிக்கு 1,200 ரூபாய். தொகை சிறிதுதான், ஆனால் எவரும் பென்சிலால் சரிபார்க்கக்கூடியது.

அடுத்த மிச்சம் எடையிலும் தரத்திலும் உள்ளது. தோட்டத்திலேயே எடைபோட்டு எழுதி அனுப்பினால் மண்டி எடையோடு ஒப்பிடலாம். தென்னையில் எண்ணிக்கைக்கு மேல் லாபக்காய் என்று வியாபாரி எடுத்துக்கொள்ளும் காயை, எடைக்கு விற்கும்போது தனியே பேசித் தவிர்க்க முடியும். கொப்பரை போடுபவர்கள் ஆனைமலை, நெகமம் ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்குச் சேர்த்துக் கொண்டுபோனால், ஒருவருக்கு இரண்டு மூட்டை என்றாலும் வண்டிக் கூலி கட்டுப்படியாகும்.

தரம் பிரிப்பதில்தான் குழு உடையும். ஒருவர் பெட்டியின் அடியில் பிஞ்சையும் வெடித்த காயையும் வைத்தால் மொத்த வண்டிக்கும் விலை அடிபடும். ஒவ்வொரு பெட்டியிலும் உறுப்பினர் எண்ணை எழுதுங்கள், திரும்பி வந்த புகாரை அந்த எண்ணின் கணக்கிலேயே கழியுங்கள். எல்லோர் கணக்கிலும் சமமாகக் கழித்தால் அடுத்த முறை நல்ல காய் வராது; நன்றாக விளைவிப்பவர்தான் முதலில் விலகுவார்.

பணத்தை உறுப்பினரின் வங்கிக் கணக்கில் மூன்று நாளுக்குள் போட்டுவிடுங்கள். மண்டியில் அன்றே பணம் கிடைக்கிறது. மூன்று நாளுக்கு மேல் தாமதிக்கும் குழுவுக்குக் காய் கொடுக்கச் சிறு விவசாயியால் இயலாது, அவருக்கு மறுநாள் பறிப்புக்கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓணத்தை ஒட்டிய வாரங்களில் பாலக்காட்டுச் சந்தைகளில் காய்கறித் தேவை கூடும். முதல் விற்பனையை அந்த நெரிசலில் வைக்காமல் அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால், விலை நன்றாக இருக்கும் நேரத்தில் உங்கள் எடையும் கணக்கும் பழகியிருக்கும்.

8. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது

குறைந்தது ஒரு பருவம் முழுதும் சேர்ந்து விற்ற பிறகே இந்தக் கேள்விக்கு வாருங்கள். உறுப்பினர் எல்லோரும் ஒரே மாநிலத்தவர் என்றால் அந்த மாநிலக் கூட்டுறவுச் சட்டமும் ஒரு வழி. ஆனால் பதிவாளரின் கட்டுப்பாடு அதிகம். இரு மாநிலத்தவரும் சேர வேண்டும் என்றால் 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் உண்டு. அதற்கு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குறைந்தது 50 பேர் வேண்டும்.

எல்லையோரத்துக்கு நான் பரிந்துரைப்பது உற்பத்தியாளர் நிறுவனம். அது மத்திய நிறுமச் சட்டத்தின் கீழ் வருவதால் பதிவு அலுவலகம் ஒரு மாநிலத்தில் இருந்தாலும் உறுப்பினர் இரு பக்கமும் இருக்கலாம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதியலாம், இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் வரை. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்குதான்.

எல்லை தாண்டி வரி விதிக்கத்தக்க பொருளை விற்றால் விற்றுமுதல் சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதைத் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதுக் காய்கறிக்கும் தேங்காய்க்கும் வரி இல்லை, உரத்துக்கு உண்டு.

9. பங்குத்தொகை வசூல்

ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒரு மூத்தவர் எழுந்து, "ஏனுங்க, கம்பெனி முழுகிப்போச்சுன்னா எங்க பணத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்பார். அவர் கேட்கும் முன்னரே நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டும். போட்ட பங்குத்தொகை போகலாம், அதற்கு மேல் அவர் வீட்டையோ தோப்பையோ யாரும் கேட்க முடியாது. இலாபம் வந்தால் பங்குக்கு ஒரு வரம்பு வரையிலான ஈவும், அவர் நிறுவனத்தோடு செய்த வணிகத்தின் அளவுக்கு ஏற்ப ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்க 2020இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், சமவெளியில் 300 உறுப்பினர்களைக் குறைந்தபட்சமாக வைத்தது. உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை, உறுப்பினர் கட்டிய பங்குக்கு இணையாக அரசு தரும் இணைப் பங்குத்தொகையும், மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவும் அதில் உண்டு. மானியம் வரும் என்பதற்காக ஒருவரே ஐம்பது பேருக்குப் பங்குத்தொகை கட்டிச் சேர்ப்பதை அனுமதிக்காதீர்கள். அந்த ஐம்பது பேரும் சரக்குத் தர மாட்டார்கள், ஆனால் தேர்தலில் கட்டியவருக்கு வாக்களிப்பார்கள்.

10. பதிவுக்குப் பின் முதல் ஆண்டு

பதிவான 90 நாளுக்குள் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1,000 பேர் என்றால் 250 பேர். நாற்று நடும் வாரத்திலோ கோயில் நோன்பிலோ தேதி வைத்தால் அத்தனை பேர் வர மாட்டார்கள். இயக்குநர் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் கட்டாயம், அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. இயக்குநரின் மகனை அமர்த்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காவிட்டாலும் நீங்கள் தடுத்துவிடுங்கள். தந்தையின் சரக்குக்கு மகன் தரம் பார்ப்பதை மற்றவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

சம்பளத்தை மானியத்தில் கொடுத்துப் பழகிய நிறுவனங்கள் மூன்றாம் ஆண்டு முடிவில் தடுமாறுகின்றன. இந்தக் கணக்கை முதல் மாதமே போட்டுவிடுங்கள். அலுவலருக்கும் கணக்கருக்கும் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4.8 லட்சம். விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய் நிறுவனத்துக்கு நிற்கிறது என்றால், அந்தச் சம்பளத்துக்கு மட்டுமே 2.4 கோடி ரூபாய் விற்றுமுதல் வேண்டும். 500 உறுப்பினர் இருந்தால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 48,000 ரூபாய்ச் சரக்கை நிறுவனம் வழியாக விற்றாக வேண்டும். மூன்றாம் படியில் எடுத்த தனிக் குறிப்பேட்டை எடுத்து, மண்டிக் கட்டு இல்லாத சரக்கு அந்த அளவுக்கு இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முழு அலுவலகம் திறப்பதைத் தள்ளிவைத்து, கணக்கரை மட்டும் பகுதிநேரமாக வைத்துக்கொண்டு, குழுக்களாகவே இன்னும் ஒரு பருவம் விற்பது மேல்.